பீக் அவரும் செல்வியும்: கடலூர், சிதம்பரம், புவனகிரி வழியாக ஒரு கரண்ட் பில் பயணம்

பிச்சாவரம் படகுச் சவாரியோ நடராஜர் தரிசனமோ தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் கிளம்பிப் போனது ஓர் ஐஸ் ஃபேக்டரியையும் ஒரு மாவு மில்லையும் பார்ப்பதற்கு. சின்னதாகத் தொழில் செய்துகொண்டு, கரண்ட் பில் வந்த அன்றைக்கு வயிறு எரிகிறவர்கள் யாராவது இதே வழியில் போக நினைத்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பண்ருட்டியில் நானும் என் தம்பி பிரபுவும் இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுக்கிறோம். மாலை ஐந்து மணிக்குச் செல்வியும் இன்னும் மூன்று பெண்களும் வருவார்கள். ஒன்பது மணிவரை கிரைண்டர்களை ஓட்டி, ஆட்டிய மாவைக் குளிர் அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு வேறு மூன்று பெண்கள் வந்து அதைப் பாக்கெட்டில் அடைப்பார்கள். நாலு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் புது மீட்டர் வந்தது. எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறோம் என்று அது தனித்தனியாகக் குறித்துவைக்கும். ஊரே லைட்டும் ஃபேனும் டி.வி.யும் போடுகிற நேரத்துக்குப் 'பீக் அவர்' என்று பெயர். அந்த நேரத்து யூனிட்டுக்கு விலை கூடுதல். எங்கள் இணைப்புக்குக் காலையில் சில மணி நேரம், மாலையில் ஆறிலிருந்து பத்து வரை. எங்கள் மோட்டார்கள் சொல்லிவைத்த மாதிரி அந்த மாலை நேரத்தில்தான் உறுமிக்கொண்டிருந்தன. இரண்டு பில் பார்த்ததும் பிரபு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

"சாயங்கால ஷிஃப்ட எடுத்துடலாம்க்கா. பெரிய கிரைண்டர் ஒண்ணு வாங்கிப் போட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரே ஒரு ஆம்பளைய வெச்சு ஓட்டிக்கலாம். கரண்டும் கம்மி, கூலியும் கம்மி" என்றான்.

அவன் கணக்கில் தப்பில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். செல்வி பகலெல்லாம் முந்திரி உடைக்கப் போகிறவள். நாலரைக்கு அங்கிருந்து கையைக் கழுவிக்கொண்டு நேராக எங்களிடம் வருகிறாள். அவள் மகள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு எங்கள் மாலைக் கூலியில்தான் நடக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அவளால் வர முடியாது, பகலிலும் வர முடியாது. மற்ற மூன்று பேருக்கும் ஏறக்குறைய இதே கதை. "ஒண்ணாந்தேதிக்குள்ள வேற வழி இருந்தா சொல்லு. இல்லன்னா நான் சொல்றதுதான்" என்று பிரபு முடித்துவிட்டான். வழியோடு திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நானும் செருப்பை மாட்டினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பண்ருட்டியில் பஸ் ஏறினேன். நெல்லிக்குப்பம் வழியாகக் கடலூர் இருபத்தைந்து கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், டிக்கெட் இருபது ரூபாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து முதுநகருக்கு ஷேர் ஆட்டோ, அதற்கும் இருபது ரூபாய். சனிக்கிழமை காலையில் முதுநகர் போகிற பெண் என்றால் மீன் வாங்கத்தான் என்று டிரைவர் முடிவே கட்டிவிட்டார்.

"ஹார்பர் வாசல்ல எறக்கி வுடட்டாம்மா? இன்னிக்கு வஞ்சிரம் ஜாஸ்தி வந்திருக்குன்றாங்க."

"மீனு வேணாம்ண்ணே. ஐஸ் ஃபேக்டரிக்குப் போறேன்."

"ஐஸா? அத வாங்கி பண்ருட்டி போய்ச் சேர்றதுக்குள்ள பை மட்டும்தாம்மா இருக்கும்."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஐஸ் ஃபேக்டரி ஜெயராஜ் என் கணவரோடு ஒன்றாகப் படித்தவர். அவருக்கும் என்னைப் போலவே மீட்டர் மாறியது, ஆனால் எனக்கு முன்பே மாறியது. அதனால்தான் முதலில் அவரிடம் போனேன். ஐஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திராதவர்களுக்கு: தரைக்குக் கீழே பெரிய தொட்டி, அதில் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீர் சீக்கிரம் உறையாது, ஆனால் கடும் குளிராகும். நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகர கேன்களை அதில் வரிசையாக இறக்கி வைத்தால், கேனுக்குள் இருப்பது மெல்ல மெல்லக் கட்டியாகும். மேலே போட்டிருக்கும் பலகைகள் மீது நடக்கும்போது பாதம் வழியாகக் குளிர் ஏறுகிறது. சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், நான் போடவில்லை.

"தொட்டித் தண்ணில குளிரு நல்லா எறங்கி ஜில்லுனு நின்னுச்சுன்னா, கம்ப்ரஸர நிறுத்துனாலும் நாலு மணி நேரம் தாங்கும்மா" என்றார் ஜெயராஜ். "பகல்லயே நல்லா குளிர ஏத்திப்பேன். ஆறு மணிக்கு நிறுத்திடுவேன், பத்து மணிக்குப் போடுவேன். அவ்ளோதான் விஷயம்."

அவ்வளவு சுலபமாக எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். கிண்டிக் கிண்டிக் கேட்டதில் கதை வெளியே வந்தது. ஆரம்பத்தில் கம்ப்ரஸரை நிறுத்தியவர், வியாபாரத்தை நிறுத்தவில்லை. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் ஆள் வந்தால் கேனைத் தூக்கி ஐஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதே கேனில் குழாய்த் தண்ணீரை நிரப்பி மறுபடி தொட்டியில் இறக்கியிருக்கிறார். குழாய்த் தண்ணீரின் சூடு எங்கே போகும்? தொட்டியில்தான் இறங்கும். விடிகாலையில் படகுக்குக் கொடுத்த கட்டிகள் வெளியே வெள்ளை வெளேரென்று இருந்திருக்கின்றன, நடுவில் தண்ணீர்.

"படகுக்காரரு குத்தூசிய எடுத்து ஒரு குத்து குத்துனாரு. தண்ணி பீச்சி அவரு சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. 'என்னா மச்சான், ஐஸுக்குள்ள எளநீ வெச்சிருக்கியா'ன்னாரு. ஹார்பரே கேட்டுச்சு. மறுநாளுலேந்து ரெண்டு படகு எங்கிட்ட வரல." இதைச் சொல்லும்போது ஜெயராஜ் சிரிக்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பும்வரை அந்த ஐஸை நம்பித்தான் மீன் கிடக்கிறது. படகுக்காரருடைய கோபம் எனக்குப் புரிந்தது.

இப்போது ஆறிலிருந்து பத்து வரை அவர் ஒரு கேனைக்கூட அசைப்பதில்லை. மாலையில் வருகிறவர்களுக்காகத் தெர்மோகோல் பலகை அடித்த ஒரு சின்ன அறையில் கட்டிகளை முன்னதாகவே எடுத்து அடுக்கிவைக்கிறார். அந்த நாலு மணி நேரம் வேலைக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு. சும்மாதான் ஒக்காந்திருப்பாங்க. வூட்டுக்கு அனுப்பிட்டுப் பத்து மணிக்கு மறுபடி கூப்ட்டா வருவாங்களா? கூலி குடுத்துத்தான் ஆவணும். அதையும் கழிச்சுட்டுத்தாம்மா மிச்சம் பாக்கணும்."

வெளியே வரும்போது என் மனதில் ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. கரண்டைச் சேர்த்துவைக்க முடியாது, குளிரைச் சேர்த்துவைக்கலாம். எங்கள் குளிர் அறையில் உப்புத் தண்ணீர் கேன்களைப் பகலிலேயே நன்றாகக் குளிரவைத்துவிட்டால், மாலையில் கம்ப்ரஸர் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஆட்டிய சூட்டோடு இருக்கிற மாவை அந்த நேரத்தில் உள்ளே வைக்கவே கூடாது. அப்படியென்றால் ஆறு மணிக்கு முன்பே ஆட்டி முடித்திருக்க வேண்டும். ஆட்டுகிறவர்கள் வருவதோ ஐந்து மணிக்கு. ஒரு முடிச்சு அவிழ்ந்து இன்னொன்று விழுந்தது.

முதுநகரிலேயே சிதம்பரம் பஸ் நிற்கும், திரும்பக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு அலைய வேண்டாம். நாற்பது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும் என்றார்கள். பஸ் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஹோட்டலில் நான் நுழைந்தபோது மணி மூன்று. சாப்பாடு முடிந்துவிட்டது, தயிர்சாதம்தான் இருக்கிறது என்றார்கள். தயிர்சாதமும் கொஞ்சம் கத்திரிக்காய் கொத்சும் வாங்கி உட்கார்ந்தேன். அறுபது ரூபாய். சிதம்பரம் போய்க் கொத்சு சாப்பிடாமல் வருகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஹோட்டலில் மூன்று மணிக்கு யார் மாவு ஆட்டுவார்கள்? தொழில் புத்தி விடுமா, காசு கொடுக்கும்போது கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன்.

"முன்ன ராத்திரி ஏழு மணிக்கு ஆட்டுவோம். இப்ப பில்லு எகிறுதுன்னு மூணு மணிக்கு மாத்திட்டோம்."

"சுலபமா மாத்திட்டீங்களா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்களுக்கு சுலபம். மூணு மணிக்குத்தான் மாஸ்டரு தூங்குவாரு. அந்தத் தூக்கத்தத்தான் பில்லுல கழிச்சோம். அதுலேந்து தெனம் சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாப் போவுது."

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தப் பதிலை அப்போதே இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து புவனகிரி எட்டு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் கடைத்தெரு, அங்கேதான் கோதண்டம் மாமாவின் மாவு மில். மாமா என்றால் வயதானவர் என்று நினைக்க வேண்டாம். என் அத்தை மகன், என்னைவிட நாலு வயது மூத்தவர். முறைமாமன் என்பதால் அவருக்கு என்னைக் கிண்டல் செய்யும் உரிமை ஆயுளுக்கும் உண்டு.

"என்னா கலா, என்னைய வேணாம்னு போனவ இப்ப என் மில்ல தேடி வந்திருக்கே" என்று வாசலிலேயே ஆரம்பித்தார். அவர் மனைவி சுமதி அக்கா உள்ளேயிருந்து, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல கலா, கையோட கூட்டிகினு போய்டு" என்றார்.

மாமாவின் மில் கூரை மேல் சோலார் தகடு இருக்கிறது. பகலில் நிறைய கரண்ட் வரும், ஆனால் பகலில் மாமா மில்லில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஐந்து மணிக்கு மேல்தான், வேலைவிட்டு வருகிறவர்கள் அரிசியும் கேழ்வரகும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். தகடு ஓயும் நேரம், பீக் அவர் தொடங்கும் நேரம், கூட்டம் வரும் நேரம் மூன்றும் ஒன்று. கூட்டத்தைப் பகலுக்குத் தள்ளலாம் என்று மாமா ஒரு யோசனை செய்திருக்கிறார்.

"மத்தியானம் கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க, கிலோவுக்கு ரெண்டு ரூவா கம்மின்னு போர்டு எழுதி மாட்டுனேன். மத்தியானம் ஒருத்தரும் வரல. சாயங்காலம் வர்றவங்களும் கொறைஞ்சு போய்ட்டாங்க."

"வருவாங்களா?" என்று சுமதி அக்கா கொதித்தார். "தானா வெலைய கொறைக்கிறான்னா மாவுல கை வெக்கிறான்னுதான் அர்த்தம்னு தெருவே பேசுச்சு. தண்ணி புடிக்கப் போன எடத்துல எங்கிட்டயே கேக்குறாங்க. அன்னிக்கே போர்ட கழட்டி அடுப்புல வெச்சேன்."

அன்று மாலை வரிசையைப் பார்த்தபோதுதான் மாமாவின் தப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது. மாவு மில்லில் யாரும் மாவு மட்டும் வாங்க வருவதில்லை. தன் அரிசி தன் கண் முன்னால் மெஷினில் விழுந்து, தன் பாத்திரத்தில் மாவாக விழுவதைப் பார்க்க வருகிறார்கள். "முன்னாடி கேவுரு அரைச்சீங்களா? அப்ப ஒரு கை அரிசிய போட்டு ஓட்டி வுட்டுட்டு எனுத போடுங்க" என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். மாமாவும் மறுபேச்சு இல்லாமல் செய்கிறார். பையை வைத்துவிட்டுப் போ என்றால், பார்ப்பதை விட்டுவிடு என்று சொன்ன மாதிரி. அதற்கு இரண்டு ரூபாய் விலை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

இப்போது மாமா வேறு மாதிரி பிரித்துவிட்டார். வாடிக்கையாளர் மாவு எப்போதும்போல மாலையில்தான். கூடுதல் விலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுகிறார். கடையில் பாக்கெட் போட்டு விற்கிற மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், கேழ்வரகு மாவு மட்டும் பதினொன்றிலிருந்து மூன்று வரை, தகட்டுக் கரண்டில். யாராவது எதிரில் நின்று காத்திருக்கிற வேலையைத் தொடாதே, காத்திருக்காத வேலையை நகர்த்து. நான் தேடி வந்தது இதுதான்.

அங்கேயே தங்கிவிட்டு, ஞாயிறு காலை காபி குடிக்கும்போது என் திட்டம் தயாராகிவிட்டது. எங்கள் மாவு ஆட்டுவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதனால் ஆட்டுவதை மதியத்துக்குக் கொண்டுபோகலாம். விடிகாலை வருகிற மூன்று பெண்களும் காலைப் பீக் அவர் முடிந்தபின் பத்தரைக்கு வந்து ஆட்டட்டும். நாலு மணிக்கு எழுந்திருக்கும் தொல்லை அவர்களுக்கு விட்டது. செல்வி கூட்டம் மாலையில் வந்து பாக்கெட் அடைக்கட்டும், அதற்கு மோட்டார் வேண்டாம். யாரையும் நிறுத்த வேண்டாம், பெரிய கிரைண்டரும் வேண்டாம். எழுந்து நின்று கையைத் தட்டியதில் சுமதி அக்கா பயந்துவிட்டார்.

திரும்புவதற்கு நான் வேறு வழி எடுத்தேன். புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்பு பதினைந்து கிலோமீட்டர். அங்கே நின்றால் கும்பகோணத்திலிருந்து சென்னை போகும் பஸ் வடலூர் வழியாகப் பண்ருட்டியில் இறக்கிவிடும். சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சந்தோஷம் தாங்காமல் செல்விக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"செல்வி? கேக்குதா?"

"கேக்குதுக்கா. ஆட்டுறதுக்குத்தான முந்நூறு? பேக்கிங்குக்கு எரநூத்தி இருவதுதான குடுக்குறீங்க?"

பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"வேலைய வுட்டு நிறுத்தலன்றீங்க, சந்தோஷம்க்கா. ஆனா கரண்டுல மிச்சம் ஆவுதுன்றீங்களே, அது யாருகிட்டேந்து மிச்சம் ஆவுது?"

பஸ் வந்தது, ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர். சாலை வேலை நடக்கிற இடங்களில் பஸ் குதித்த குதிப்பு என் மனநிலைக்குப் பொருத்தமாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கூலி வித்தியாசம் எனக்குத் தெரியாததா? வாரா வாரம் என் கையால் கொடுக்கிறேன். ஐஸ் ஃபேக்டரியில் கூலியைக் கேட்கத் தெரிந்தது, ஹோட்டல் மாஸ்டரின் தூக்கத்துக்குச் சிரிக்கத் தெரிந்தது. என் சொந்தத் திட்டத்தில் அது கண்ணில் படவில்லை. வடலூர் தாண்டியதும் முடிவு செய்துவிட்டேன்: ஆட்டினாலும் அடைத்தாலும் ஒரே கூலி, முந்நூறு.

வீட்டுக்குப் போனதும் பிரபு கால்குலேட்டரை எடுத்தான். காலைப் பெண்களுக்கு ஏற்றிக் கொடுப்பதைக் கழித்தால், கரண்டில் மிச்சமாவதில் பெரும்பகுதி போய்விடும். "அப்ப எதுக்குக்கா இந்த அலைச்சல்? மிச்சம் என்னா நிக்கிது?" என்றான்.

"கொஞ்சம் நிக்கிது. ஏழு பேரும் நிக்கிறாங்க. புது மிஷினுக்குக் கடன் வாங்கல. போதாதா?"

ஒரு மாதம் பார்க்கலாம் என்று உறுமினான். அவன் உறுமினால் சம்மதம் என்று அர்த்தம். மறுநாள் விடியற்காலை வந்த மூன்று பெண்களிடமும் கேட்டேன், பத்தரைக்கு வருவதில் அவர்களுக்குத் தடை இல்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சுற்றிவந்தது ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர். பஸ், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, இரவுச் சாப்பாடு சுமதி அக்கா கணக்கு. ஐஸ் ஃபேக்டரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மாவு மில்லுக்கு மாலையில் போங்கள். அதற்கு முன்னால் உங்கள் பில்லைப் பாருங்கள். எல்லா இணைப்புக்கும் பீக் அவர் விலை கிடையாது, நேரமும் வகைக்கு வகை மாறும், மின்சார அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சோலார் விற்க வருகிறவர் சொல்லும் மிச்சத்தை அப்படியே நம்பாதீர்கள், பகலில் உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. குளிர் அறை வைத்திருப்பவர்கள் கம்ப்ரஸர் ஓயும் நேரத்தில் கதவை அடிக்கடி திறக்க வேண்டாம், சூடான எதையும் உள்ளே வைக்கவே வேண்டாம். மீதியை ஜெயராஜின் எளநீ சொல்லும். எந்த வேலையை எந்த மணிக்கு மாற்றினாலும், அந்த மணிக்கு அங்கே நிற்கப் போகிறவரிடம் முதலில் பேசுங்கள். நான் அவ்வளவு தூரம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் பேசினேன்.

ஒண்ணாந்தேதி மாலை புது முறையில் முதல் நாள். ஆறு அடிக்கும் முன் பிரபு ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தான். கிரைண்டர்கள் ஏற்கெனவே ஓய்ந்திருந்தன, கம்ப்ரஸரும் நின்றது. வேகத்தில் அவன் என்னென்னவோ அணைத்துவிட்டு, லைட்டை மட்டும் விட்டுவைத்திருந்தான். நாலு பெண்களும் பாக்கெட் அடைக்க உட்கார்ந்தார்கள். பக்கத்தில் இருப்பவளிடம் செல்வி, "அந்த கவர எடு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். மோட்டார் சத்தத்தில் நாலு வருடம் பேசிப் பேசி அப்படியே பழகிவிட்டது. நாலு பேரும் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் செல்வி என் பக்கம் திரும்பி, மெதுவான, மென்மையான ஒரு குரலில் பேசினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"யக்கா, ஃபேனுக்கும் பீக் அவரா?"

நிமிர்ந்து பார்த்தேன். நாலு பேர் நெற்றியிலும் வியர்வை. எழுந்து போய் ஃபேனைப் போட்டேன், அதுவும் முழு வேகத்தில்.